கோதுமை மேடத்தின் பயம்

அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் பயந்துவிடுவார். அச்சில் பெயரைப் பார்த்து யாராவது வந்து கேள்வி கேட்பார்களோ என்று பயப்படுவார்; யாரும் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அதற்கும் பயப்படுவார். எங்களுக்கு அவர் மேடம். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் இருந்த மற்ற கம்பெனிக்காரர்களுக்குக் கோதுமை மேடம். அது போதும்.

தொழிற்பேட்டையில் கோதுமைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். என் மாமியாரும் கேட்டார். எங்களுடையது ஆரணிப் பக்கம் நெல் போடுகிற குடும்பம். "இரும்பு உருக்கறாங்க, பெயிண்ட் பண்றாங்க, சரி. கோதுமைய எவனாச்சும் ஏசி ரூமுல வெச்சி வளப்பானா? உனுக்கு சம்பளம் வேற குடுக்கறாங்களா?" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

வளர்த்தோம். அது ஒரு விதை ஆராய்ச்சிக் கூடம். வடக்கே கோதுமை விளைகிற வயல்களில் டிராக்டர் ஏறி ஏறி மண் கல்லாக இறுகிப்போகிறதாம். வேர் கொஞ்ச தூரம் இறங்கி, இறுகிய மண் வந்ததும் நின்றுவிடும். நிற்காமல் இறங்குகிற ஒரு கோதுமையை உண்டாக்குவதுதான் அங்கே வேலை. நான் தாவரவியல் படித்தவள். விதையை ஊறவைத்து முளைகட்ட வேண்டும், மெல்லிய கண்ணாடிப் பெட்டிகளில் மண்ணோடு வைக்க வேண்டும், வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியால் மூட வேண்டும், தினமும் துணியை விலக்கி வேரைப் படம் பிடிக்க வேண்டும். இது என் வேலை.

மேடத்தின் வேலை பயப்படுவது.

கிண்டல் பண்ணவில்லை. பயம் எல்லோருக்கும்தான் இருக்கிறது, நாமெல்லாம் அதை மூடி மறைத்து வெளியே சிரித்துக்கொண்டு திரிகிறோம். அவருக்கு அது வராது. பெரிய அதிகாரி திரையில் வந்து, "ரிசல்ட் எப்ப குடுப்பீங்க?" என்று கேட்பார். மற்றவர்களாக இருந்தால் தேதி சொல்லிச் சமாளிப்பார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தெரியல சார். எனக்கு பயமா இருக்கு" என்பார். எங்களுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாது. ஒருமுறை அந்த அதிகாரி, "எதுக்கும்மா பயம்?" என்று கேட்டுவிட்டார். "அது தெரிஞ்சா பயப்பட மாட்டேனே சார்" என்றார் மேடம். படித்த மனுஷி இப்படியா பேசுவார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

திருவள்ளூரில் கோயில் தெருக்காரர். ஆபீசில் எல்லோரையும் போலத்தான் பேசுவார். பயம் அதிகமானால் மட்டும் வீட்டுப் பேச்சு வந்துவிடும். 'எனக்கு' போய் 'நேக்கு' வந்துவிட்டால் அன்று எங்களுக்கு வேலை ஓடாது என்று அர்த்தம்.

காலையில் வாசலில் நிற்பார். வருகிறவர்களை மோந்து பார்ப்பார். நிஜமாகத்தான். சாப்பாட்டுப் பையைத் திறக்கச் சொல்வார். வாழைப்பழம், ஆப்பிள், மாம்பழம் எது இருந்தாலும் செக்யூரிட்டி ரூமோடு சரி. தலையில் வாடிய பூ இருந்தால் எடுத்துவிட வேண்டும். ஊதுவத்தி வாசனை வந்தால் கைகால் கழுவிவிட்டு வர வேண்டும். முதல் வாரத்தில் நான் ரெண்டு மஞ்சள் வாழைப்பழம் கொண்டுபோய் மாட்டிக்கொண்டேன். என்னமோ பாம்பைக் கண்டதுபோல் நகர்ந்தார்.

"பழம்தானே மேடம்?"

"பழம் மூச்சு விடும்மா. அந்த மூச்சு வேருக்கு எட்டினா போச்சு."

அப்புறம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் அவர் குரலில் நடுக்கம் இருக்காது. எத்திலீன் என்று ஒரு வாயு. செடிக்குள்ளேயே சுரக்கிற ஹார்மோன். பழத்தைப் பழுக்கவைப்பது அதுதான். வேரும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். பொலபொலவென்ற மண்ணில் அது இடுக்குகள் வழியாகக் கலைந்துபோய்விடும். இறுகிய மண்ணில் போக வழியில்லாமல் வேரின் நுனியைச் சுற்றியே தேங்கும். அது தேங்கினால் ஆக்சின் என்கிற இன்னொரு ஹார்மோனும் நுனிப் பக்கம் வந்து சேரும். வேர் நீள்வதை நிறுத்திவிட்டுத் தடிக்க ஆரம்பிக்கும்.

"மண்ணு வேரை நிறுத்தறதில்லை. முன்னாடி ஏதோ சரியில்லைன்னு வேரே நின்னுடறது. அதுவும் பயந்துக்கறது" என்றார்.

வேருக்கு அந்தச் செய்தியைச் சொல்கிற ஜீனை ஊமையாக்கிவிட்டால் அது நிற்காது. ஆனால் கோதுமையில் எல்லா ஜீனும் மும்மூன்றாக இருக்கும். ஒன்றை ஊமையாக்கினால் மற்ற இரண்டும் பேசும். மூன்றையும் ஊமையாக்கி, அந்த மூன்றும் ஒரே செடியில் சேரும்படி மகரந்தம் மாற்றிச் சேர்த்து ஒரு ரகத்தைக் கொண்டுவர அவருக்குப் பல வருடம் பிடித்தது. கம்பெனி அதற்கு ஏதோ ஒரு நம்பர் வைத்திருந்தது. நாங்கள் அடங்காப்பிடாரி என்று கூப்பிட்டோம். பக்கத்திலேயே சாதாரண ரகம் கொஞ்சம் வளரும், ஒப்பிட்டுப் பார்க்க.

நான் சேர்ந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. உங்களுக்குத் தெரியாததா? அன்றைக்குத் தொழிற்பேட்டையில் ஸ்பேனருக்குக்கூட சந்தனம் குங்குமம் உண்டு. எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் நல்ல மனுஷர், பக்திமான். செடி அறைக்குக் காற்று அனுப்புகிற புளோயரும் மிஷின்தானே? மேடம் ஊருக்குப் போன சமயம் பார்த்து அதற்கு மாலை போட்டு, பொரி கடலை படைத்து, காற்று உள்ளே இழுக்கிற வாய்க்குப் பக்கத்திலேயே ஒரு முழு வாழைத்தாரை நிறுத்திவைத்துவிட்டார். கற்பூரம் காட்டிவிட்டு எல்லோரும் லீவுக்குப் போய்விட்டோம்.

திரும்பி வந்தபோது தார் கறுத்துக் கனிந்து, வராந்தா முழுக்க இனிப்பு வாசனை. கறுப்புத் துணியை விலக்கினேன். நூல் மாதிரி நேராக இறங்க வேண்டிய வேரெல்லாம் கட்டை கட்டையாக, நுனி தடித்து, சுருண்டு நின்றிருந்தது. அடங்காப்பிடாரி மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் பெட்டியின் அடி வரைக்கும் போயிருந்தது. மேடம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எலக்ட்ரீஷியன் அண்ணன், "மன்னிச்சிக்கோங்க மேடம், சாமிக்குன்னுதான் வெச்சேன்" என்று அழாத குறை.

கம்பெனிக்கோ ஒரே சந்தோஷம். கேட்காமலேயே சோதனை நடந்துவிட்டதே! மேடத்துக்குப் பாராட்டு வந்தது. அதைப் படித்துவிட்டு அவர் என்னிடம் திரும்பி, "நாம இல்லாதப்போ என்ன வேணா வந்துட்டுப் போகும் போலிருக்கே" என்றார். முகம் வெளுத்திருந்தது.

அதற்கப்புறம் பயம் முற்றிவிட்டது. ஒருநாள் எதிர்க் கம்பெனியில் சைரன் அலறியது. மேடம் எங்கள் எல்லோரையும் கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ளச் சொல்லி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புடவைத் தலைப்பைத் தூக்கிப் பார்த்து, வெயிலில் மெயின் ரோடு வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். கடைசியில் அது சும்மா ஒத்திகை. லாரிக்காரர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து பேட்டை முழுக்க அவருக்கு சைரன் மேடம் என்று இன்னொரு பெயர் சேர்ந்தது.

என் வீட்டுக்காரர் அந்தப் பெயரை விடவே மாட்டார். அவர் அந்த வருடம்தான் எங்கள் கூடத்துக்குப் பக்கத்துச் சுவரில் புதிதாக வந்த வாழைப்பழ குடோனில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தார். "இன்னா, இன்னைக்கி உங்க சைரன் ஊதிச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவார்.

குடோனில் காயைப் பெரிய அறைகளில் அடைத்து, சிலிண்டரிலிருந்து எத்திலீனை அளவாக விட்டுப் பழுக்கவைப்பார்கள். மேடம் எதைக் கண்டு நடுங்கினாரோ, அதே வாயு. விஷயம் தெரிந்ததும் நேராக குடோன் முதலாளியிடம் போனார். நானும் கூடப் போனேன். அவர் காபி கொடுத்தார். "உங்க கோதுமைக்காவ நான் பழத்த காயாவே விக்க முடியுமா மேடம்? டப்பு போட்டுருக்கேன்மா" என்று சிரித்தார். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். அறையைத் திறந்து வாயுவை வெளியே விடுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் எனக்கு போன் பண்ணுவார். நாங்கள் புளோயரை நிறுத்திவிடுவோம். அது ஒழுங்காகவே நடந்தது.

கிளம்பும்போது மேடம் சிலிண்டர் அறையைக் காட்டி, "இது பத்திக்கும், தெரியுமோன்னோ?" என்றார்.

"அத்துக்கெல்லாம் சேஃப்டி கீது மேடம்" என்றார் என் வீட்டுக்காரர். மேடத்தின் தலை மறைந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. அடங்காப்பிடாரிதான் ஜெயித்துவிட்டதே, இனி சாதாரண ரகத்துக்கு எதற்கு இடம்? எல்லாப் பெட்டியிலும் அதையே போடச் சொன்னார்கள். போட்டோம். மேடம் மட்டும் ஓரத்தில் ஒரு தட்டு சாதாரண ரகத்தை எடுக்காமல் வைத்திருந்தார். ஏன் மேடம் என்று கேட்டேன். "பயமா இருக்கு" என்றார். வழக்கமான பதில்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த வருடம் எங்கள் பூஜையில் பழமே கிடையாது. கல்கண்டும் பொரியும்தான். விஜயதசமி அன்று காலையில் பெட்டிகளைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரருக்கும் அன்று காலையில் குடோன் திறப்பு. நல்ல நேரத்தில் ஷட்டரைத் தூக்கி, சிலிண்டர் அறை வாசலில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். என்னை வண்டியில் கொண்டுவந்து எங்கள் கேட்டில் இறக்கிவிட்டு, "பாத்து, மேடம் உன்ன மோந்து பாத்து கடிச்சிடப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் மேடமும் மட்டும்தான். முதல் வரிசைத் துணியை விலக்கினோம். வேர்கள் நேராக, அழகாக இறங்கியிருந்தன. இரண்டாவது வரிசையும் அப்படியே. எல்லாம் அடங்காப்பிடாரி. "நல்லா இருக்கு மேடம், வீட்டுக்குப் போலாம்" என்றேன். அவர் ஓரத்துத் தட்டின் துணியை விலக்கினார்.

கட்டை கட்டையாக நின்றிருந்தது. போன வருடம் பார்த்த அதே தடிப்பு, அதே சுருள்.

"யார் பழம் வெச்சா?" என்றார்.

யாரும் வைக்கவில்லை. வராந்தா, குப்பைக்கூடை, மேஜை டிராயர், எலக்ட்ரீஷியன் அண்ணனின் அலமாரி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தோம். என் கையை இழுத்து மோந்து பார்த்தார். புளோயர் வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் குடோனின் சுவர் தெரியும்.

"அங்க இப்போ பழம் இருக்கா?"

"இல்ல மேடம். பூஜைக்குன்னு மொத்தமா வித்துட்டாங்க. ரூமெல்லாம் காலி. கரெண்ட ஆஃப் பண்ணிட்டு பூட்டினு போயி மூணு நாளாச்சே."

"பழமும் இல்லை. ரூமையும் திறக்கலை. அப்போ இது எங்கேர்ந்து வந்தது?"

எனக்கு உறைக்கவில்லை. அவருக்கு உறைத்துவிட்டது. "சிலிண்டர்" என்றார். "பூட்டின கட்டடம். லீவு பூரா கசிஞ்சிருக்கு. உங்காத்துக்காரர் இப்போ எங்கே?"

"கற்பூரம்..." என்றேன்.

"நேக்கு பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூஜை நேரத்தில் அவர் போனை வண்டிப் பெட்டியில் போட்டுவிடுவார், அது எனக்கே தெரியும். ஆனாலும் மறுபடி போட்டேன். மறுபடியும் போட்டேன். அப்புறம்தான் ஓடினேன். கேட்டைத் தாண்டும்போது செருப்பு அறுந்தது. சத்தம் கேட்கப் போகிறது, இதோ இப்போது கேட்கப் போகிறது என்று காதெல்லாம் அடைத்துக்கொண்டது. சாமி, சாமி என்று எந்தச் சாமி என்றுகூடத் தெரியாமல் கூப்பிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பூஜைத் தட்டு குப்புறக் கிடந்தது. குங்குமம் தரை முழுக்கச் சிந்தியிருந்தது. மேடம் முட்டிபோட்டு, தீப்பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பேயறைந்த மாதிரி நின்றார்.

"நல்ல நாள் அதுவுமா தட்ட தட்டிவுட்டுட்டியேம்மா! உனுக்கு இன்னா பைத்தியமா?" என்று முதலாளி கத்தினார்.

"வெளில வாங்கோ! கேஸ் கசியறது! திட்டறதை வெளில வந்து திட்டுங்கோ! லைட்டு ஸ்விட்சைத் தொடாதீங்கோ!" மேடம் அழுதுகொண்டே என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

நம்பி வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். திட்டுவதற்காகத்தான் வெளியே வந்தார்கள். எதிர்க் கம்பெனி சேஃப்டி ஆபீசர் கூச்சல் கேட்டு ஓடிவந்தார். அவர் இடுப்பில் எப்போதும் வாயுவை அளக்கிற மீட்டர் தொங்கும். அதை ஒரு நீளக் கம்பில் கட்டி ஷட்டருக்குள் நீட்டினார். அது வீறிட்டது. அந்தச் சத்தத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அவர் கம்பை இழுத்துக்கொண்டு, "ரோட்டுக்கு ஓடுங்க எல்லாரும்!" என்று கத்தினார்.

தீயணைப்பு வண்டி வந்தது. ஒரு சிலிண்டரின் வால்வில் கசிவு. என் வீட்டுக்காரர் ரோட்டோரம் உட்கார்ந்து சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "இனிப்பா வாசன வந்திச்சி. பழ குடோன்ல பழ வாசனதான வரும்னு நெனச்சிக்கினேன்." முதலாளி வந்து மேடத்தைக் கும்பிட்டார். மேடம் அவரைப் பார்க்கவில்லை, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

லீவு முடிந்து வேலை தொடங்கியதும் பெரிய அதிகாரி திரையில் வந்தார். அடங்காப்பிடாரி இந்த முறையும் அசையாமல் வளர்ந்திருக்கிறதே என்று புகழ்ந்தார். மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அது நல்ல வேர்தான் சார். இறுகின மண்ணுக்கு அதுதான் வேணும். ஆனா அன்னைக்கி அறை முழுக்க அதுதான் இருந்துது. அத்தனையும் ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிண்டு நின்னுது. பயந்த ஒரு தட்டு இல்லைன்னா இவ ஆத்துக்காரர் இன்னைக்கி இல்லை." அதிகாரி, "ஃபண்டாஸ்டிக் ஸ்டோரி" என்றார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டார். வடக்கே, கோதுமை விளைகிற ஊரில் ஒரு கல்லூரிக்குப் போவதாகச் சொன்னார். கடைசி நாள் அன்று, யாருமில்லாத நேரம் பார்த்து அவர் காலில் விழுந்தேன். பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. நீ நினைக்கற மாதிரி இல்லை."

"மேடம், என் தாலி நீங்க குடுத்தது."

"சொல்றதைக் கேளு. நான் ஓடினேன், சரி. குடோன் வாசல் வரைக்கும்தான் ஓடினேன். அங்க போனதும் நின்னுட்டேன். அன்னைக்கி சைரனுக்கு எல்லாரும் சிரிச்சாளே, அது ஞாபகம் வந்துடுத்து. தப்பா இருந்தா முதலாளி திட்டுவாரே, நல்ல நாள்ல போய்க் கெடுத்தேன்னு சொல்லுவாளேன்னு பயம். உள்ள உங்காத்துக்காரர் தீப்பெட்டியை எடுக்கறது தெரியறது. நான் தூணைப் பிடிச்சிண்டு நிக்கறேன். அவர் குச்சியைக் கிழிச்சார். அது பத்தலை. நமுத்துப் போயிருந்துது. அதைக் கீழ போட்டுட்டு இன்னொண்ணு எடுத்தார். அப்பத்தான் உள்ள ஓடினேன்."

அவர் காலடியிலிருந்து எழுந்தேன்.

"அந்தக் குச்சி பத்தியிருந்தா, நான் பார்த்துண்டு நின்னவ. அவ்வளவுதான்" என்றார். பையை எடுத்துக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினார். கையசைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு எத்தனை குச்சி கிழித்தீர்கள் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார்.

"ஆமா, மொதோ குச்சி பத்தல. மழைல நமுத்துப் பூட்சி. ரெண்டாவது எடுக்கறத்துக்குள்ள அந்தம்மா வந்து மேல வுழுந்துட்டாங்க. இன்னாத்துக்கு இப்போ அது?"

சும்மாத்தான் என்றேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "கைய எடு, சாப்டறேன்ல" என்றார். எடுக்கவில்லை. எடுக்கப் பயமாக இருந்தது.